டிரைவ் தன் பெயரை மாற்றிச் சொல்லும்வரை: ஹார்ட் டிஸ்க் ஃபர்ம்வேரைப் பிரித்துப் பார்க்க முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டியின் கடைசிப் படியில் நடக்கப்போவது மிகச் சின்ன விஷயம். கணினி ஒரு ஹார்ட் டிஸ்க்கிடம் "நீ யார்?" என்று கேட்கும். தொழிற்சாலை வைத்த மாடல் எண்ணைச் சொல்லவேண்டிய டிரைவ், கொழும்பின் ஒரு பகுதியான "பம்பலப்பிட்டிய" என்ற பெயரை ஆங்கில எழுத்தில் பதிலாகச் சொல்லும். அவ்வளவுதான். இதற்கு எனக்கு நான்கு மாதமும் மூன்று டிரைவும் செலவாயின. வெள்ளவத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சோல்டரிங் அயன் சுட்ட தழும்பு இரண்டு இருக்கிறது. அம்மா அதன் மேல் ஒரு துணி விரித்து வைத்திருக்கிறார்.

இலக்கைச் சின்னதாக வைத்ததற்குக் காரணம் உண்டு. ஃபர்ம்வேரை, அதாவது டிரைவுக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் நிரலை, பிரிக்கத் தொடங்குகிற பலர் முதல் வாரமே டிரைவ் முழுவதையும் விளங்கிக்கொள்ளப் பார்ப்பார்கள். அது முடியாத காரியம். ஒரேயொரு பதிலை மாற்றுவது என்று வைத்துக்கொண்டால், எவற்றையெல்லாம் விளங்கிக்கொள்ளத் தேவையில்லை என்பது கெதியாகத் தெரிந்துவிடும். மோட்டார் எப்படிச் சுழல்கிறது, வட்டில் எழுதி வாசிக்கும் தலை எப்படித் தடத்தைப் பிடிக்கிறது என்பதெல்லாம் இப்போதைக்கு நமக்கு வேண்டாம்.

உள்ளே இருப்பது இன்னொரு கணினி

டிரைவின் அடிப்பக்கப் பலகையில் நான்கு சிப் முக்கியம். பெரியது கட்டுப்பாட்டுச் சிப்: ப்ரொசெசர், கணினியோடு பேசும் சாட்டா இணைப்பு, தலையிலிருந்து வரும் சிக்னலைத் தரவாக மாற்றும் பகுதி எல்லாம் அதற்குள். அருகில், தரவைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் கேஷுக்கான ராம். இன்னொன்று மோட்டாரை ஓட்டுவது. நான்காவது எட்டுக் கால் உள்ள சின்ன ஃப்ளாஷ் சிப். மிளகு அளவுதான், நமக்கு வேண்டியது அதுதான்.

மின்சாரம் வந்ததும் கட்டுப்பாட்டுச் சிப்புக்குள் பதிந்திருக்கும், மாற்றமுடியாத நிரலான ரோம் முதலில் ஓடும். அது ஃப்ளாஷை வாசித்து அதிலுள்ள நிரலை ராமில் ஏற்றும். அந்த நிரல் மோட்டாரைச் சுழற்றித் தலையை வட்டின் மேல் கொண்டுபோகும். பிறகு வட்டிலேயே பயனர் தொடமுடியாத ஒரு பகுதியிலிருந்து மீதி நிரலை வாசிக்கும். அந்தப் பகுதியைத் தொழிலில் இருப்பவர்கள் சேவைப் பகுதி என்பார்கள். ஆகவே ஃபர்ம்வேர் ஓரிடத்தில் இல்லை, மூன்று இடத்தில் இருக்கிறது. எனக்கு இது விளங்க ஒரு மாதம் எடுத்தது. ஃப்ளாஷ் பிரதியில் தேடித் தேடி, வேண்டியது இல்லையே என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். நான் தேடியது வட்டில் இருந்தது.

இந்தப் பாதையில் நமக்கு முன் நடந்தவர்கள் உண்டு. 2013இல் நெதர்லாந்தில் நடந்த ஒரு ஹேக்கர் கூடுகையில் ஜெரோன் டோம்பர்க், மார்வெல் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுச் சிப் உள்ள டிரைவ் ஒன்றைப் பிரித்துக் காட்டினார். அதற்குள் மூன்று ப்ரொசெசர் இருந்தன. லினக்ஸ் கடவுச்சொல் கோப்பை வாசிக்கும்போது வட்டில் உள்ளதைக் கொடுக்காமல் தான் விரும்பியதை டிரைவ் கொடுக்கும்படி செய்தார். அதோடு நிற்காமல் அந்தப் பலகையிலேயே லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலை ஓடவிட்டார். அதே ஆண்டு ஆய்வாளர் குழு ஒன்று, ஃபர்ம்வேரில் ஒளித்து வைக்கும் பின்கதவு (இரகசிய நுழைவழி) டிரைவின் வேகத்தை 1 சதவீதம்கூடக் குறைக்காது என்று அளந்து காட்டியது. 2015 பெப்ரவரியில் காஸ்பெர்ஸ்கி நிறுவனம், ஈக்குவேஷன் என்று தான் பெயரிட்ட உளவுக் குழு பல நிறுவனங்களின் டிரைவ் ஃபர்ம்வேரை மாற்றி எழுதும் கருவியை வைத்திருந்ததை வெளியிட்டது. டிரைவை ஃபோர்மட் செய்தாலும் போகாத ஒளிவிடம் அது.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியின்றி நுழைவதைக் குற்றமாக்குகிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய, உங்கள் மேசையில் இருக்கும் டிரைவில் மட்டும் இதைச் செய்யுங்கள். அலுவலக டிரைவ் வேண்டாம், நண்பனின் டிரைவும் வேண்டாம்.

சாமான் தேடுவது

கணினிக் கடைகள் நிறைந்த யுனிட்டி பிளாசாவில் புதிய டிரைவ் கிடைக்கும். நமக்கு வேண்டியது பழையது. புறக்கோட்டையில் முதலாம் குறுக்குத் தெருவை ஒட்டிய ஒரு சின்னக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் கூடையை முன்னால் தள்ளினார்.

"நானா, இதே நம்பர்ல இன்னும் ரெண்டு இருக்குமா?"

"எல்லாத்தையும் கொட்டிப் பாருங்க தம்பி. ஆனா ஓடுமான்னு மட்டும் எங்கிட்ட கேக்க வாணாம்."

கொட்டிப் பார்க்கும்போது இவற்றைக் கவனியுங்கள். 3.5 அங்குல சாட்டா டிரைவ், 2008க்கும் 2013க்கும் இடையில் செய்தது நல்லது. பிந்தியவற்றில் ஃபர்ம்வேருக்கு டிஜிட்டல் கையொப்பம், பூட்டிய வாயில் என்று தொல்லை அதிகம். கையடக்க டிரைவ்களில் சிலவற்றில் யூஎஸ்பி முனை பலகையிலேயே பதிந்திருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள். ஒரே மாடலில் மூன்று எடுங்கள், பலகை எண்ணும் ஒத்திருக்கவேண்டும். வெஸ்டர்ன் டிஜிட்டல் பலகை என்றால் 2060 என்று தொடங்கும் எண்ணைப் பாருங்கள். அதே பலகையில் யூ12 என்று குறித்த இடம் வெறுமையாக இருந்தால் வாங்கவேண்டாம். ஃப்ளாஷ் கட்டுப்பாட்டுச் சிப்புக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம், அதை வாசிக்கக் கிளிப் மாட்ட இடம் இல்லை. மின்சாரம் கொடுத்ததும் டக் டக் என்று அடிக்கிற டிரைவையும் வைத்துவிட்டு வாருங்கள், தலை போயிருக்கும்.

வாங்கிய டிரைவில் யாரோ ஒருவரின் கல்யாணப் படங்களும் அடையாள அட்டைப் பிரதிகளும் இருக்கலாம். திறந்து பார்க்காமல் முழு வட்டையும் பூச்சியத்தால் நிரப்பிவிட்டுத்தான் நான் வேலையைத் தொடங்குவேன்.

வேறு சாமான்: நட்சத்திர வாய் உள்ள டி6, டி8 திருப்புளி, மல்டிமீட்டர், ஃப்ளாஷை வாசித்து எழுதும் எஸ்பிஐ ப்ரோகிராமரும் அதன் எட்டுக் கால் கிளிப்பும், டிரைவின் ப்ரொசெசரோடு பேச எஃப்டி2232எச் சிப் உள்ள யூஎஸ்பி பலகை, மெல்லிய எனாமல் கம்பி, கூர்முனை சோல்டரிங் அயன், பூதக்கண்ணாடி. கடைசியாக, பலகையில் நேரடி சாட்டா முனை உள்ள பழைய டெஸ்க்டொப் ஒன்று, லினக்ஸுடன். யூஎஸ்பியிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிளை இந்த வேலைக்கு நம்பவேண்டாம். அதற்குள் இன்னொரு சிப் இருக்கிறது. டிரைவின் பெயரை அது தன் பாட்டில் நினைவில் வைத்துக்கொண்டு உங்களுக்குச் சொல்லும், சில கட்டளைகளைக் கடத்தவே மாட்டாது.

கழற்றுவது

பலகையின் திருகாணிகளைக் கழற்றி ஆறுதலாகத் தூக்குங்கள். மேல் மூடியைத் தொடவேண்டாம். ஓடும்போது தலைக்கும் வட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான், ஒரு தூசி போதும்.

பலகையின் உட்பக்கத்தில் தலைக்குப் போகும் தொடுபுள்ளிகள் வரிசையாக இருக்கும். கொழும்பில் அவை பெரும்பாலும் கறுத்துப் போயிருக்கும். கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக் காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்தால் பளபளப்பு வரும். டிரைவ் செத்துவிட்டது என்று கொடுத்த இரண்டை நான் இப்படியே எழுப்பியிருக்கிறேன்.

ஃப்ளாஷைப் பிரதி எடுப்பது

இந்தப் படியில் அவசரப்பட்டால் பிறகு எதுவும் இல்லை. ஃப்ளாஷில் நிரல் மட்டும் இல்லை. அந்தக் குறிப்பிட்ட டிரைவின் தலைகளுக்காகத் தொழிற்சாலையில் அளந்து எழுதிய எண்களும் அதில் இருக்கின்றன. ஒரே மாடல் என்றாலும் ஒன்றின் ஃப்ளாஷை மற்றதில் எழுதினால் ஓடாது. பிரதி தொலைந்தால் டிரைவும் தொலைந்தது.

பலகையைத் தனியாக வைத்துக்கொண்டு சிப்பில் புள்ளி போட்ட மூலையைக் கண்டுபிடியுங்கள், அதுதான் முதல் கால். எட்டுக் காலின் ஒழுங்கு: 1 தெரிவு, 2 வெளியீடு, 3 எழுத்துத் தடை, 4 தரை, 5 உள்ளீடு, 6 கடிகாரம், 7 நிறுத்திவை, 8 மின்சாரம். கிளிப்பின் சிவப்புக் கம்பி 1இல் வரவேண்டும். நான் முதல் டிரைவில் தலைகீழாக மாட்டினேன். தரை இருக்கவேண்டிய இடத்தில் மின்சாரம் போனது. சிப் விரலைச் சுட்டது, மணம்கூட வரவில்லை, அத்தோடு முடிந்தது.

கிளிப்பை மாட்டுவதற்கு முன் இன்னொரு சோதனை. மலிவான கறுப்பு ப்ரோகிராமர்கள் சிலவற்றில் 3.3 வோல்ட் என்று எழுதியிருக்கும், மின்காலில் 3.3 வரும், ஆனால் தரவுக் கால்களில் 5 வோல்ட் வரும். மல்டிமீட்டரை எடுத்து ஒவ்வொரு காலாக அளந்து பாருங்கள்.

பிறகு ஃப்ளாஷ்ரோம் என்ற இலவச மென்பொருளால் வாசியுங்கள். மூன்று தரம் வாசித்து, மூன்று கோப்பாகச் சேமித்து, மூன்றின் ஷா256 கூட்டையும் (கோப்பின் கைரேகை போன்ற எண்) ஒப்பிடுங்கள். ஒத்துவந்தால் நல்லது. எனக்கு மூன்றும் மூன்று விதமாக வந்தன. காரணம் இதுதான்: கிளிப் வழியாகக் கொடுக்கும் மின்சாரம் பலகை வழியே கட்டுப்பாட்டுச் சிப்புக்கும் போகிறது. அது அரை உயிரில் எழும்பி, அதே ஃப்ளாஷை வாசிக்கப் பார்க்கிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கதைத்தால் யாருக்கு என்ன விளங்கும்? அப்படி நடந்தால் ஃப்ளாஷைச் சூடான காற்றால் கழற்றித் தனியாக வாசிக்கவேண்டும். நான் கழற்றியபின் ஒரு சின்ன எட்டுக் கால் சொக்கட்டைப் பலகையில் வைத்துக் கம்பி இழுத்துவிட்டேன். பார்க்க அசிங்கம். ஆனால் அதன்பிறகு ஃப்ளாஷைக் கழற்றி மாட்டுவது மின்குமிழ் மாற்றுவதைப் போல.

பிரதியை மூன்று இடத்தில் வையுங்கள். கோப்பின் பெயரில் டிரைவின் தொடர் எண் இருக்கட்டும், "புதிது", "கடைசி" என்றெல்லாம் பெயர் வைக்கவேண்டாம்.

பிரதியை வாசிப்பது

பதினறும எண்களாக (0 முதல் 9, பிறகு ஏ முதல் எஃப் வரை) கோப்பைத் திறந்தால் முதலில் தலைசுற்றும். கண் பழக இரண்டு அடையாளம் சொல்கிறேன்.

பழைய டிரைவ்களில் ப்ரொசெசர் பெரும்பாலும் ஆர்ம் வகை. ஆர்மின் 32 பிட் கட்டளைகளில் பெரும்பாலானவை "எப்போதும் செய்" என்ற நிபந்தனையோடு வரும், அதன் குறி ஈ என்ற பதினறும இலக்கம். டிரைவ்கள் எண்ணின் சின்ன முனையை, அதாவது கடைசி பைட்டை, முன்னால் வைப்பதால், ஒவ்வொரு நான்காவது பைட்டும் ஈயில் தொடங்குவதைப் பார்ப்பீர்கள். பக்கத்தை மேலிருந்து கீழே ஓடவிட்டால் ஈ ஈ ஈ என்று ஒரு நெடுங்கோடு தெரியும். கோடு தெரிகிற இடம் நிரல், தெரியாத இடம் தரவு அல்லது சுருக்கிய நிரல். அதிலும் 18, எஃப்0, 9எஃப், ஈ5 என்ற நான்கு பைட் திரும்பத் திரும்ப வந்தால் நின்று பாருங்கள். ரீசெட், தடங்கல், பிழை ஆகியவை வரும்போது எங்கே பாயவேண்டும் என்ற தொடக்கப் பட்டியல் பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்படும்.

கோடு தெரியாவிட்டால் உடனே மனம் விடவேண்டாம், ஆர்மின் 16 பிட் கட்டளை வகையான தம்பாக இருக்கலாம். அதில் ஒரு செயற்கூற்றின் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) இரண்டாவது பைட் பி5 ஆக இருப்பது வழக்கம், 70, 47 என்ற இரண்டு பைட்டோடு முடிவதும் வழக்கம். இந்த இரண்டும் அடிக்கடி வந்தால் அதுவும் நிரல்தான்.

கோப்பின் தொடக்கத்தில் சின்ன அட்டவணை ஒன்று இருக்கலாம்: ஒவ்வொரு துண்டும் ஃப்ளாஷில் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், ராமில் எந்த முகவரியில் ஏற்றவேண்டும். ஒரு வரியின் இரண்டு எண்கள் கோப்பின் அளவைவிடச் சின்னதாக இருந்து, அவற்றைக் கூட்டினால் அடுத்த வரியின் தொடக்கம் வந்தால் அவை இடமும் நீளமும்தான். இந்த அட்டவணையைக் கையால் தாளில் எழுதிப் பாருங்கள். நான் ஒரு கொப்பியில் எழுதினேன், நான்கு மாதமும் அந்தக் கொப்பிதான் என் உண்மையான கருவி.

துண்டுகளைப் பிரித்தபின், நிரலை வாசிக்கக்கூடிய கட்டளைகளாகக் காட்டும் கிட்ராவில் ஏற்றுங்கள். அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமை 2019இல் இலவசமாக வெளியிட்ட மென்பொருள் அது. மேலே சொன்ன உளவுக் கதைகளுக்குப் பிறகு இது வேடிக்கையாக இருக்கும், ஆனால் கருவி அருமையானது. ஏற்றும்போது முகவரியைச் சரியாகக் கொடுங்கள். முகவரி பிழைத்தால் எழுத்துச் சரங்களுக்கும் நிரலுக்கும் தொடர்பே கிடைக்காது.

ஓடுகிற டிரைவுக்குள் நுழைவது

வட்டிலிருந்து ஏறும் நிரலைப் பார்க்க டிரைவ் ஓடும்போதே உள்ளே போகவேண்டும். அதற்கு வாயில், சிப்பைச் சோதிப்பதற்கென்று வைத்த ஜேடேக் இணைப்பு: கடிகாரம், நிலை, உள்ளே, வெளியே என்று நான்கு கம்பி, சில வேளை ரீசெட் கம்பியும். பலகையில் ஒன்றும் பொருத்தாமல் விட்ட தொடுபுள்ளி வரிசையைத் தேடுங்கள். எது எது என்று தெரியாதபோது மைக்ரோகன்ட்ரோலர் ஒன்றில் ஜேடேக் தேடும் இலவச நிரலை ஏற்றி, எல்லாச் சேர்க்கையையும் முயன்று பார்க்கலாம். சரியான சேர்க்கை கிடைத்தால் 32 பிட் அடையாள எண் ஒன்று வரும். அதன் கடைசி பிட் எப்போதும் 1. எல்லாம் பூச்சியமாகவோ எல்லாம் ஒன்றாகவோ வந்தால் அது வெறும் சத்தம். கம்பி வைக்கு முன் அந்தப் புள்ளிகளின் வோல்டை அளப்பதை மறக்கவேண்டாம், 1.8 வோல்ட் பலகையும் உண்டு.

சீகேட் டிரைவ் கையில் இருப்பவர்களுக்கு இதைவிட இலகுவான வாசல் ஒன்று உண்டு. சாட்டா முனைக்குப் பக்கத்தில் நான்கு ஊசி இருக்கும், அதில் எழுத்துக் கட்டளைகளை அனுப்பும் தொடர் வாயில் (சீரியல் போர்ட்). 3.3 வோல்ட் மாற்றியைக் கொண்டு 38400 வேகத்தில் இணைத்து, கன்ட்ரோலோடு இசட்டை அழுத்தினால், அந்தக் காலத்து மாடல்கள் பல எஃப்3 டி என்ற அடையாளத்தோடு உங்களை வரவேற்கும். 2008 கடைசியில் பாராகுடா 7200.11 டிரைவ்கள் ஃபர்ம்வேர் பிழையால் உறைந்துபோனபோது, உலகம் முழுவதும் பழுதுபார்ப்பவர்கள் உயிர்ப்பித்தது இந்த வாசல் வழியாகத்தான். அங்கே மோட்டாரை நிறுத்துவது, ஓட்டுவது போன்ற கட்டளைகளோடு விளையாடலாம். எம் என்ற எழுத்தில் தொடங்கும் கட்டளையை மட்டும் கண்டபடி அடிக்கவேண்டாம், அது வட்டின் முகவரிப் பட்டியலையே திரும்ப எழுதும்.

ஜேடேக்குக்கு ஓப்பன்ஓசிடி என்ற மென்பொருள். மார்வெலின் ஃபெரோசியோன் ப்ரொசெசருக்கு அதில் ஏற்கனவே ஆதரவு இருக்கிறது. இணைந்தபின் முதல் வேலையாக ராம் முழுவதையும் துண்டு துண்டாகப் பிரதி எடுங்கள். டிரைவ் தயாரானபின் எடுத்த பிரதியில் வட்டிலிருந்து வந்த நிரலும் சேர்ந்திருக்கும், அதுதான் நாம் தேடியது.

ப்ரொசெசரை நிறுத்தினால் இரண்டு விஷயம் நடக்கும். தலையைப் பார்த்துக்கொள்ளும் ப்ரொசெசர் நின்றுவிட்டால் டிரைவ் குழம்பிவிடும், ஆகவே சாட்டாவைப் பார்த்துக்கொள்வது எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஒவ்வொன்றாக நிறுத்தி, கணினியிலிருந்து ஒரு துண்டை வாசிக்கச் சொல்லிப் பார்த்தால் தெரியும். மற்றது, லினக்ஸ் 30 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு இணைப்பையே ரீசெட் செய்யும். அந்த நேரத்தைக் கூட்டி வையுங்கள்.

பெயர் இருக்கும் இடம்

இப்போது விஷயத்துக்கு வருவோம். கணினி ஈசி என்ற பதினறும எண்ணைக் கட்டளையாக அனுப்பினால், டிரைவ் 512 பைட்டில் தன் சாதகத்தை அனுப்பும். அதில் இரண்டு இரண்டு பைட்டாக எண்ணினால் 27 முதல் 46 வரை மாடல் பெயர், மொத்தம் 40 எழுத்து. லினக்ஸில் ஹெச்டிபார்ம் என்ற மென்பொருளால் இதைப் பார்க்கலாம்.

ராம் பிரதியில் மாடல் பெயரைத் தேடினேன். இல்லை. இரண்டு நாள் தேடினேன். பிறகுதான் உறைத்தது: இந்தச் சாதகத்தில் எழுத்துகள் சோடி சோடியாக இடம் மாறி இருக்கும். டி, ஐ, எஸ், கே என்ற நான்கு எழுத்து ஐ, டி, கே, எஸ் என்று இருக்கும். அப்படித் திருப்பித் தேடியவுடன் ராமில் இரண்டு இடத்தில் அகப்பட்டது.

இரண்டில் எது மூலம், எது பிரதி? இங்கேதான் இந்தச் சவாலின் அழகான பகுதி. சாதகத்தின் கடைசிச் சோடி ஒரு காவல்காரன். அதன் ஒரு பைட் எப்போதும் ஏ5. மற்றது, 512 பைட்டையும் கூட்டினால் கடைசி எட்டு பிட் பூச்சியமாக வரும்படி போட்ட எண். ஜேடேக் வழியாக முதல் இடத்தில் ஒரேயொரு எழுத்தை மாற்றினேன்: டபிள்யூவை எடுத்துவிட்டு பீ. டபிள்யூவின் எண் 87, பீயின் எண் 66. கூட்டுத்தொகை 21 குறைந்துவிட்டது. ஹெச்டிபார்ம் புதிய எழுத்தைக் காட்டியது, கூடவே கூட்டு பிழை என்றும் சொன்னது. ஆக நான் தொட்டது, கணக்குப் போட்டு முடித்த பிரதி. அதை விட்டுவிட்டு, டிரைவுக்கு மின்சாரத்தை நிறுத்திப் போட்டு, இரண்டாவது இடத்தில் அதே எழுத்தை மாற்றினேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. டிரைவுக்கு ஒரு மென் ரீசெட் (மின்சாரத்தை நிறுத்தாமல் திரும்பத் தொடங்கச் சொல்லும் கட்டளை) அனுப்பினேன். புதிய எழுத்து வந்தது, கூட்டும் சரி. டிரைவ் தானே திரும்பக் கணக்குப் போட்டிருக்கிறது. மூலம் இதுதான்.

அந்த இரவு மணி இரண்டு இருக்கும். தம்பியை எழுப்பிக் காட்டினேன். "ஒரு எழுத்துக்கா அண்ணா எழுப்பினீங்க?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

இனி முழுப்பெயர். ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்குமான அஸ்கி எழுத்து மட்டுமே அனுமதி, தமிழில் எழுத வழியில்லை. பம்பலப்பிட்டிய ஆங்கிலத்தில் 13 எழுத்து. சோடியாகத் திருப்பவேண்டியதால் ஒரு இடைவெளி சேர்த்து 14 ஆக்குங்கள், மீதி 26 இடத்தையும் இடைவெளியால் நிரப்புங்கள். பழைய பெயரின் வால் எஞ்சியிருந்தால் அசிங்கமாக இருக்கும்.

நிரந்தரமாக்குவது

ராமில் செய்தது மின்சாரம் போனால் போய்விடும். இதுவரை நீங்கள் எதையும் உடைக்கவில்லை. இங்கேயே நிறுத்திக்கொள்வதும் மரியாதையான முடிவுதான், டிரைவுக்குள் நடப்பதை அறிவதுதான் நோக்கம் என்றால் அது நிறைவேறிவிட்டது.

தொடர விரும்புபவர்களுக்கு வழி இது. பெயர் சேவைப் பகுதியிலிருந்து ராமுக்கு வருகிறது. சேவைப் பகுதியில் எழுதுவது ஆபத்து, பிழைத்தால் திருப்பி வைக்க வழியில்லாமல் போகலாம். ஃப்ளாஷ் அப்படியில்லை, கிளிப் இருக்கிறது, பிரதி இருக்கிறது. ஆகவே ஃப்ளாஷிலிருந்து ஏறும் நிரலில், டிரைவ் தயாரானபிறகும் அடிக்கடி அழைக்கப்படும் ஒரு செயற்கூறைத் தேடுங்கள். ஜேடேக்கில் நிறுத்துபுள்ளி (ப்ரொசெசர் அந்தக் கட்டளைக்கு வந்ததும் நிற்கச் செய்யும் குறி) வைத்து உறுதி செய்யலாம், இந்த வகை ப்ரொசெசரில் ஒரே நேரத்தில் வன்பொருள் நிறுத்துபுள்ளி இரண்டுதான் வைக்க முடியும். அந்தச் செயற்கூறின் முதல் கட்டளையை எடுத்துவிட்டு, உங்கள் சொந்த நிரலுக்குப் பாயும் கட்டளையை வையுங்கள். உங்கள் நிரல் செய்யவேண்டியது நான்கு: பதிவேடுகளை (ப்ரொசெசரின் உள் எண்களை) சேமிப்பது, மூல இடத்தில் பழைய பெயரின் முதல் நான்கு பைட் வந்துவிட்டதா என்று பார்ப்பது, வந்திருந்தால் 40 பைட்டையும் மாற்றுவது, எடுத்துவிட்ட கட்டளையைச் செய்து திரும்புவது. ஐம்பது வரிக்கு மேல் போகாது.

நிரலை வைக்க இடம்? ஃப்ளாஷில் எஃப்எஃப் எஃப்எஃப் என்று நிரம்பிய வெற்று இடம் இருக்கும். அங்கே வைத்து, தொடக்க அட்டவணையில் புதிய துண்டாகப் பதிந்து, துண்டுகளின் கூட்டு எண்களையும் திருத்துங்கள். முதலில் இதையே ஜேடேக் வழியாக ராமில் வைத்து ஒரு நாள் முழுவதும் ஓடவிட்டுப் பாருங்கள். ராமில் நிரலைத் திருத்தியும் பழையதே ஓடினால் கட்டளைக் கேஷைக் காலி செய்யவேண்டும். இது தெரியாமல் சரியான நிரலை மூன்று தரம் திருத்தி எழுதியவன் நான்.

ஃப்ளாஷில் எழுதும்போது ப்ரோகிராமரை லாப்டொப்பில் மாட்டி, பட்டரியில் ஓடவிடுங்கள். 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேர மின்வெட்டு இருந்த நாட்களைப் பார்த்த எவருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. எழுதியபின் திரும்ப வாசித்து ஒப்பிடுங்கள். பிறகு பலகையை மாட்டி, மின்சாரம் கொடுங்கள்.

மோட்டார் சுழன்று, தலை அசைகிற சின்னச் சத்தம் கேட்டு, கணினியில் டிரைவ் தோன்றினால் சரி. மோட்டார் சுழலவே இல்லை என்றால் கூட்டு எண் பிழை என்று முதலில் சந்தேகியுங்கள். சுழன்று நின்றுவிட்டால் உங்கள் நிரல் பதிவேடு எதையோ கெடுக்கிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: பழைய பிரதியை எழுதி, டிரைவ் எழும்புகிறதா பார்த்துவிட்டு, கொப்பியைத் திறங்கள். என் இரண்டாவது டிரைவ் இந்தப் படியில் பதினோரு தரம் விழுந்து எழும்பியது. பன்னிரண்டாவது தரம் ஃப்ளாஷின் கால் ஒன்று பலகையோடு பிய்ந்து வந்தது.

மூன்றாவது டிரைவ் இப்போது மேசையில் இருக்கிறது. பயோஸ் திரையில் அதன் பெயர் பம்பலப்பிட்டிய. மேலே மார்க்கரால் "இதில் ஒன்றையும் சேமிக்கவேண்டாம்" என்று எழுதி, அசல் ஃப்ளாஷ் பிரதி உள்ள பென் டிரைவை டேப்பால் அதன் முதுகிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.